அடுத்தவங்க டைரி படிக்க பிரைட்டன் வரைக்கும் போய்ட்டு வந்தேன்: த கீப் ஆர்க்கைவ் ரிவ்யூ

அடுத்தவங்க டைரிய பிரிச்சுப் படிச்சா எங்க வீட்ல முதுகுல ரெண்டு விழும். இங்க இங்கிலாந்துல என்னடான்னா அதுக்குன்னே தனியா ஒரு பில்டிங் கட்டி (ஆர்க்கைவ்னு பேரு, அதாவது ஆவணக் காப்பகம்), சூடு ஈரம் எல்லாம் அளந்து பாத்து பத்திரமா வெச்சு, நமக்கு ஒரு மேஜையும் குடுத்து, மெதுவா படிங்கன்னு சொல்றாங்க. உள்ள போக காசும் கெடையாது. இத்தன வருஷம் இங்க இருந்துட்டு இது தெரியாமயே இருந்துட்டோமேங்குற கடுப்புலதான் இந்த ரிவ்யூ.

நான் இருக்கறது கிராலிங்குற ஊர்ல, ஷிப்ட் வேலை, வாரத்துல நடுவுல லீவு வரும். கோட்டை, சர்ச், பீச் எல்லாம் பாத்து முடிச்சு அடுத்து எங்க போறதுன்னு தெரியாம இருந்தப்ப கூட வேலை செய்ற ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், சாப்பிடுற நேரத்துல பேச்சுவாக்குல சொன்னாங்க, "நான் வருஷத்துக்கு மூணு தடவ ஒரு ஆர்க்கைவுக்கு எழுதி அனுப்புவேன், அங்க எனக்கு பேரு இல்ல, வெறும் நம்பர்தான்"னு. கேட்டதும் ஏதோ ஜெயில் சமாச்சாரம் போலன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன். அப்புறம் அவங்களே விளக்கினாங்க, மாஸ் அப்சர்வேஷன்னு ஒண்ணு இருக்கு, சாதாரண ஜனங்க அவங்கவங்க வாழ்க்கைய எழுதி அனுப்பறது, எல்லாம் பிரைட்டன் பக்கத்துல த கீப்ங்குற எடத்துல இருக்கு, யார் வேணா போய் படிக்கலாம்னு. யார் வேணா-ன்னா ப்ரொபசருங்கதானேன்னு கேட்டேன். இல்லப்பா, நீயும் போலாம்னாங்க. போய்ட்டேன்.

போற வழி ஈசி. பிரைட்டன் ஸ்டேஷன்ல எறங்கி லூயிஸ் போற ட்ரெயின மாத்தி பிடிச்சா ஃபால்மர் பத்து நிமிஷத்துக்குள்ள வந்துரும், அங்கேருந்து நடைதான். ஒரே ஒரு விஷயம், ஃபால்மர் ஸ்டேஷன ஒட்டியே பிரைட்டன் டீமோட ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கு, மேட்ச் இருக்கற நாள்ல போனீங்கன்னா ட்ரெயின்ல நிக்க எடம் இருக்காது. ஞாயித்துக்கெழம த கீப் தெறக்காது, வாரத்துல எந்தெந்த நாள்னு போறதுக்கு முன்னாடியே பாத்துட்டு, என்ன வேணும்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு போங்க. நான் முதல் தடவ சும்மா போய் நின்னு முழிச்சேன், அது முழுக்க என் தப்பு.

பில்டிங் 2013ல தெறந்தது, பாக்க ஏதோ புது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், பழைய கோட்டை கொத்தளம்லாம் எதிர்பாக்காதீங்க. ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ் கவுண்டி கவுன்சில், பிரைட்டன் அண்ட் ஹோவ் கவுன்சில், சஸ்ஸெக்ஸ் யூனிவர்சிட்டி மூணு பேரும் சேந்து நடத்துறாங்க, அதனால 900 வருஷத்து பத்திரம், சர்ச் ரெஜிஸ்டர், ஊர் மேப், யூனிவர்சிட்டியோட ஸ்பெஷல் கலெக்ஷன் எல்லாம் ஒரே கூரைக்கு கீழ. பை, கோட்டு, தண்ணி பாட்டில், சூயிங்கம், பேனா எல்லாம் லாக்கர்ல போயிரணும். பென்சில் மட்டும்தான். பேனா ஏன் கூடாதுன்னா மை ஒரு சொட்டு பட்டாலும் அவ்ளோதான், எடுக்க முடியாது. நான் வெள்ளை க்ளவுஸ் குடுப்பாங்கன்னு ஆசையா போனேன் (டிவில அப்படித்தான காட்றாங்க), குடுக்கல. கைய நல்லா கழுவி தொடச்சுட்டு வந்தா போதும்னாங்க, க்ளவுஸ் போட்டா விரல்ல உணர்ச்சி இருக்காது, பேப்பர் ஓரத்த கிழிச்சுருவோம், போட்டோவுக்கு மட்டும்தான் க்ளவுஸ். கட்டி புக்குக்கு அடில வைக்க ஸ்பாஞ்சு கட்டை, பக்கம் மூடாம இருக்க துணி சுத்துன குண்டுச்சரம், பாக்க குட்டிப் பாம்பு மாதிரி இருக்கும், பேரே பாம்புதான். இந்த சாமான் எல்லாம் பாத்ததும் எனக்கு ஒரு மரியாதை வந்துருச்சு, சும்மா ஒரு பொம்பள ரேஷன் பத்தி புலம்பின பேப்பருக்கு இவ்ளோ சீரா-ன்னு.

சரி மாஸ் அப்சர்வேஷன் கதைக்கு வரேன், ஏன்னா இது தெரியாம அங்க போனா பாதி ருசி போயிரும். 1937ல மூணு பேரு ஆரம்பிச்சாங்க. டாம் ஹாரிசன், பசிபிக் தீவு ஒண்ணுல போய் அங்க இருக்க ஜனங்கள ஆராய்ச்சி பண்ணிட்டு திரும்பினவரு. சார்ல்ஸ் மேட்ஜ், கவிஞரு, பத்திரிகைல வேலை. ஹம்ப்ரி ஜென்னிங்ஸ், படம் எடுக்குறவரு. இவங்க ஐடியா சிம்பிள், எங்கயோ தீவுல இருக்கவன போய் நோட்டு போட்டு எழுதுறோம், நம்மூரு ஆள யாரு எழுதுறான்னு. அந்த வருஷம் ஜனவரில பத்திரிகைக்கு ஒரு லெட்டர் போட்டாங்க, எதெல்லாம் கவனிக்கணும்னு ஒரு லிஸ்ட்டு, படிச்சா சிரிப்பு வரும்: போர் நினைவுச் சின்னத்துக்கிட்ட ஜனங்க எப்படி நடந்துக்கறாங்க, கார் ஓட்றவன் கத்துற கத்தல், பாத்ரூம் பழக்கவழக்கம், தாடி, அக்குள், புருவம், அசிங்க ஜோக்கு எப்படி பரவுது. அதே வருஷம் மே 12 ஆறாம் ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டு விழா. அன்னைக்கு நீங்க என்னென்ன செஞ்சீங்கன்னு காலைலேருந்து ராத்திரி வரைக்கும் எழுதி அனுப்புங்கன்னு கேட்டாங்க, ஜனங்க அனுப்பிட்டாங்க. ராஜா கிரீடம் வெச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அன்னைக்கு மத்தவங்க என்ன செஞ்சாங்கங்கறது இந்த பெட்டில மட்டும்தான்.

அப்புறம் 1939ல போர் வந்துச்சு, கிட்டத்தட்ட 500 பேரு டைரி எழுதி கொஞ்சம் கொஞ்சமா தபால்ல அனுப்ப ஆரம்பிச்சாங்க. சில பேரு ரெண்டு வாரத்துல நிறுத்திட்டாங்க (என்ன மாதிரி). சில பேரு விடவே இல்ல. பேரோ இன்ஃபர்னஸ்ங்குற கப்பல் கட்டுற ஊர்ல நெல்லா லாஸ்ட்டுன்னு ஒரு அம்மா, 49 வயசு, புருஷன் தச்சு வேலை, ரெண்டு பையன். அவங்க 1939ல ஆரம்பிச்சு 1966 வரைக்கும் எழுதிருக்காங்க. மொத்தம் ஒரு கோடி வார்த்தைக்கும் மேலன்னு சொல்றாங்க. ஒரு கோடி! நான் இந்த ரிவ்யூக்கே நாலு நாள் எடுத்துக்கிட்டேன். அந்தம்மா பகல் முழுக்க வாலண்டியர் வேலை, ஆஸ்பத்திரி பிள்ளைகளுக்கு துணி பொம்மை தைக்கறது, ரேஷன்ல குடும்பத்த ஓட்றது, ராத்திரி உக்காந்து பென்சில்லயும் பேனாவுலயும் எழுதறது. 1941 ஏப்ரல், மே மாசம் பேரோ மேல குண்டு போட்டப்ப அவங்க வீடும் அடி வாங்குச்சு, அதையும் எழுதினாங்க. பேச்சே இல்லாத புருஷன், யாருகிட்டயும் சொல்ல முடியாதத எல்லாம் முகம் தெரியாத ஒரு ஆபீஸுக்கு சொல்லிருக்காங்க. இவங்க டைரி பின்னாடி புக்கா வந்து, டிவி படமாவும் ஆயிருச்சு.

இதுல எனக்கு பிடிச்சது குண்டு விழுற பக்கம் இல்லீங்க, அது எந்த சினிமாவுலயும் வரும். ரேஷன் பக்கம்தான். 1940 ஜனவரில வெண்ணெய், சர்க்கரை, பேக்கன்ல ஆரம்பிச்ச ரேஷன் 1954 ஜூலைலதான் முழுசா முடிஞ்சுது, போர் முடிஞ்சு ஒன்பது வருஷம் ஆகி. டீத்தூள் ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு அவுன்ஸ், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 57 கிராம். எங்க வீட்ல அது ரெண்டு நாள் தாங்காது. இந்த ஜனங்க ஒரு தடவ போட்ட தூள்லயே திரும்ப தண்ணி ஊத்தி ஓட்டிருக்காங்க. சரித்திர புக்குல "ரேஷன் இருந்தது"ன்னு ஒரு வரில போயிரும், இங்க ஒருத்தங்க அந்த டீய குடிச்சுட்டே எழுதிருக்காங்க.

ஒரு குறைய சொல்லியே ஆகணும். போர்க்கால டைரி நெறைய தொட்டு தொட்டு நைஞ்சுபோகக் கூடாதுன்னு ஸ்க்ரீன்லயே பாக்கற மாதிரிதான் வெச்சிருக்காங்க, சரி, நியாயம்தான். ஆனா அந்த ஸ்கேன வீட்லேருந்து பாக்கணும்னா சந்தா கட்டின யூனிவர்சிட்டி லைப்ரரி வழியாத்தான் போக முடியும், தனி ஆளுக்கு கதவு சாத்தி. ஜனங்க சும்மா எழுதி சும்மா குடுத்தது, அத ஜனங்க பாக்க பூட்டு. இதுக்கு நான் ஒரு ஸ்டார் கொறைக்கறேன். ஆனா 1981ல மாஸ் அப்சர்வேஷன மறுபடி ஆரம்பிச்சாங்க பாருங்க, எங்க ஆபீஸ் அம்மா எழுதறது அதுக்குத்தான், அதுல வந்த பேப்பர பெட்டியாவே குடுத்தாங்க. தலைப்ப அவங்க அனுப்புவாங்க, எழுதறவங்க பதில் அனுப்புவாங்க. ஒரே தலைப்புக்கு ஒருத்தர் டைப் அடிச்சு நாலு பக்கம், ஒருத்தர் பெருசு பெருசா அரைப் பக்கம். கையெழுத்த வெச்சே ஆளு எப்படின்னு ஒரு மாதிரி பிடிபட ஆரம்பிச்சுரும், பேரு தெரியாது, நம்பர் மட்டும். மத்தியானம் வரைக்கும் ஒரே பெட்டிய தாண்டல நான்.

அதே பில்டிங்லதான் இங்கிலீஷ் எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் பேப்பர் கொஞ்சம் இருக்கு, மங்க்ஸ் ஹவுஸ் பேப்பர்ஸ்னு பேரு, அவங்க வாழ்ந்த வீட்டு பேரு அது. அதுல மூணு ஸ்க்ராப்புக் இருக்கு, நான் ஸ்கேன்லதான் பாத்தேன். 1930கள்ல பேப்பர்லேருந்து வெட்டி வெட்டி ஒட்டினது, மெடல் குத்தின யூனிபார்ம் ஆம்பளைங்க, பொம்பளைங்களுக்கு இந்த வேலை கூடாதுன்னு எவனோ பேசினது, காலேஜு காசு சமாச்சாரம், பக்கத்துலயே கைல எழுதின குறிப்பு. இத வெச்சுத்தான் 1938ல போரையும் ஆம்பளத்தனத்தையும் கிழிச்சு ஒரு புக்கு எழுதினாங்க. பெரிய எழுத்தாளர்னா ஜன்னல பாத்து யோசிச்சு எழுதுவாங்கன்னு நெனச்சிருந்தேன், இங்க பாத்தா கத்திரிக்கோலும் பசையுமா உக்காந்து, கோவம் வர்ற நியூஸ எல்லாம் சேத்து வெச்சிருக்காங்க. நம்மாளுங்க வாட்ஸப்ல ஸ்க்ரீன்ஷாட் சேக்கறாங்களே அதேதான். அவங்க வீட்டுக்காரர் லெனார்ட் உல்ஃப் பேப்பரும் இங்கதான் இருக்கு. அவரு 1905ல யாழ்ப்பாணம் கச்சேரில (பாட்டுக் கச்சேரி இல்ல, அரசாங்க ஆபீஸ்) சின்ன ஆபீசரா போய் சேந்தவரு, போகும்போது பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் புக்கு 90 வால்யூமும் ஒரு நாயும் கூட கூட்டிட்டு போனாராம். அடுத்த தடவைக்கு அந்த பெட்டிய குறிச்சு வெச்சிருக்கேன்.

ஸ்க்ராப்புக் பத்தி ஒரு சின்ன விஷயம், கேட்டு தெரிஞ்சுக்கிட்டது. ஆர்க்கைவ்ல வேலை செய்றவங்களுக்கு லெட்டர விட, டைரிய விட தலைவலி ஸ்க்ராப்புக்தான். நியூஸ்பேப்பர் ஆசிட் பேப்பர், அது பழுத்து பக்கத்துல இருக்கற பேப்பரையும் பழுக்க வைக்கும், பசை காஞ்சு உதிரும், செல்லோடேப்பு ஒட்டினா கொஞ்ச வருஷத்துல டேப்பு கழண்டு மஞ்சக் கறை மட்டும் தங்கும். ஒட்டினது எல்லாத்தையும் பிரிச்சு தனித்தனியா வெச்சா பேப்பர் பொழைக்கும், ஆனா எது பக்கத்துல எது ஒட்டிருந்துச்சுங்கறது போயிரும், அப்புறம் அது ஸ்க்ராப்புக்கே இல்ல. அதனால முடிஞ்ச வரை பிரிக்காம பெட்டில போட்டு வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பாத்துக்கறாங்க. உங்க வீட்ல பழைய ஆல்பம் இருந்தா செல்லோடேப்பு மட்டும் ஒட்டாதீங்க ப்ளீஸ்.

த கீப் ருசி கண்டதுக்கப்புறம் லண்டன் பக்கமும் சுத்தினேன், அதையும் சொல்லிர்றேன். செயின்ட் பாங்க்ரஸ் பிரிட்டிஷ் லைப்ரரி எல்லாருக்கும் தெரிஞ்ச எடம், செங்கல் பில்டிங், வாசல்ல குனிஞ்சு கோடு போட்டுட்டு இருக்கற நியூட்டன் சிலை. முக்காவாசி பேரு அங்க கீழ உக்காந்து லேப்டாப் சார்ஜ் போட்டுட்டு காபி குடிச்சுட்டு வந்துர்றோம். அட்ரஸ் ப்ரூஃபும் கையெழுத்து இருக்கற ஐடியும் கொண்டு போனா ஃப்ரீயா ரீடர் பாஸ் குடுப்பாங்க, அத வெச்சு மூணாவது மாடி ஏசியன் ரீடிங் ரூமுக்கு போங்க. அங்க இந்தியா ஆபீஸ் (அந்தக் காலத்துல லண்டன்லேருந்து இந்தியாவ கவனிச்ச அரசாங்க டிபார்ட்மென்ட்) பேப்பர்கூடவே இந்தியால இருந்த வெள்ளக்காரங்களோட சொந்த லெட்டரு, ஜர்னல் எல்லாம் மொத்தமா கெடக்கு.

நான் கேட்டது க்வில்லிம் அக்கா தங்கச்சி லெட்டரு, நாலு வால்யூம்ல ஒண்ணு. எலிசபெத் க்வில்லிம், மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜோட சம்சாரம், 1801ல வந்து சேந்தாங்க, தொணைக்கு தங்கச்சி மேரி சைமண்ட்ஸ். ரெண்டு பேரும் ஊர்ல இருக்கற அம்மாவுக்கும் இன்னொரு சகோதரிக்கும் எழுதித் தள்ளிருக்காங்க. தோட்டம், செடி, பறவை, விருந்து, யாரு யார கட்டிக்கிட்டாங்க எல்லாம். எலிசபெத் தெலுங்கு கத்துக்கிட்டாங்க, பாட்டனி கத்துக்கிட்டது ராட்லர் பாதிரியார்கிட்ட, பின்னாடி தமிழ் அகராதி போட்டாரே அதே ராட்லர். பறவைங்கள நிஜ சைசுக்கே வரைஞ்சிருக்காங்க, அந்த படம் எல்லாம் கைமாறி கைமாறி 1924ல லண்டன்ல ஒரு பறவை புக்கு கலெக்டர் கண்ணுல பட்டு இப்ப மான்ட்ரியல்ல மெக்கில் யூனிவர்சிட்டில இருக்கு. லெட்டர் லண்டன்ல, படம் கனடாவுல, வரைஞ்ச அம்மா 1807ல செத்து சென்னை கோட்டைக்குள்ள செயின்ட் மேரி சர்ச்ல. புருஷன் ஜட்ஜு கவர்னர் பென்டிங்க் கூட போலீஸ் அதிகாரம் யாருக்குன்னு சண்டை போட்டதால அவர இங்கிலாந்துக்கே திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. 1806 வேலூர் கலகம் நடந்தது இவங்க மெட்ராஸ்ல இருந்தப்பதான்.

கப்பல்ல ஒரு லெட்டர் போக அஞ்சாறு மாசம், பதில் வர இன்னொரு அஞ்சாறு மாசம். நீ நல்லாருக்கியான்னு கேட்டு, நல்லாருக்கேன்னு பதில் வரதுக்குள்ள கேட்டவங்க இருப்பாங்களான்னே தெரியாது. இத படிக்கும்போது தொண்டை கொஞ்சம் அடைக்கத்தான் செய்யுது, நானும் ஊர விட்டு வந்தவன்தான, ஆனா எனக்கு வீடியோ கால் இருக்கு. கூடவே இன்னொண்ணும் உறுத்துச்சு. பேரில்லாம வந்துட்டு போற ஆளுங்கதான் இதுல எத்தன பேரு. அந்த வீட்டு சமையல்காரரும் தோட்டக்காரரும் அதே மெட்ராஸ அவங்க கண்ணால பாத்துருப்பாங்கல்ல, அவங்க எழுதின பெட்டி எந்த லைப்ரரிலயும் இல்ல. மேடம் சொன்ன மெட்ராஸ்தான் நமக்கு மிஞ்சினது, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. போகணும்னு அவசியமில்ல, மெக்கில் ப்ராஜெக்ட் ஆளுங்க லெட்டர் எல்லாத்தையும் டைப் அடிச்சு நெட்ல ஃப்ரீயா போட்டுருக்காங்க, நானே வீட்ல அத பாதி படிச்சுட்டுத்தான் போனேன், இல்லன்னா அந்த கையெழுத்துல ஒரு பக்கம் தாண்டிருக்க மாட்டேன்.

பிரிட்டிஷ் லைப்ரரிய பத்தி ஒரு எச்சரிக்கை, 2023 அக்டோபர் கடைசில ரைசிடாங்குற ஹேக்கர் கும்பல் உள்ள பூந்து சிஸ்டம் மொத்தத்தையும் முடக்கிட்டாங்க, லைப்ரரி பணம் குடுக்கல, அவங்க திருடினத வெளில விட்டாங்க. புக்கு கேட்டலாக்கே 2024 ஜனவரிலதான் திரும்ப வந்துச்சு, மேனுஸ்கிரிப்ட் பக்கம் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இழுத்துச்சு. அதனால எது கெடைக்கும் எது கெடைக்காதுன்னு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுட்டு கெளம்புங்க. அங்கயே மாட் ஆர்ன்க்ளிஃப் சென்னட்டுன்னு ஒரு அம்மா சேத்த ஸ்க்ராப்புக் 37 வால்யூம் இருக்கு, பொம்பளைங்களுக்கு ஓட்டு கேட்டு போராடினவங்க. நியூஸ்பேப்பர் கட்டிங், டிக்கெட்டு, நோட்டீஸு, லெட்டரு எல்லாம் ஒட்டி வெச்சிருக்காங்க. 1911ல ஒரு பேப்பர் ஆபீஸு இவங்க போராட்டத்த சரியா போட மாட்டேங்குதுன்னு அந்த ஆபீஸ் கண்ணாடிய ஒடச்சு கைதானவங்க, வீட்ல உக்காந்து பேப்பர் கட்டிங் சேத்துருக்காங்க பாருங்க. எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு இந்தம்மாவ.

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கத்துல பிஷப்ஸ்கேட் இன்ஸ்டிட்யூட்ல க்ரேட் டைரி ப்ராஜெக்ட்டுன்னு ஒண்ணு, யாரோட டைரியா இருந்தாலும் வாங்கி வெச்சுக்குவாங்க, பத்தாயிரத்துக்கும் மேல சேந்துருச்சு. இல்லன்னா குப்பைக்கு போயிருக்கும். இதுக்கு அரை நாள் போதும்.

நேர்ல போக முடியாதவங்களுக்கு ஆன் லிஸ்டர் டைரி. ஹாலிஃபாக்ஸ்ல ஷிப்டன் ஹால்னு ஒரு பெரிய வீட்டுக்காரம்மா, 1791ல பொறந்து 1840ல செத்தவங்க, அம்பது லட்சம் வார்த்தை எழுதிருக்காங்க, அதுல ஆறுல ஒரு பங்கு ரகசிய எழுத்து, கிரேக்க எழுத்தும் கணக்கு குறியும் கலந்து அவங்களே உண்டாக்கினது. அதுல என்ன இருக்குன்னா பெண்கள் மேல அவங்களுக்கு இருந்த காதல், பச்சையா. 1890கள்ல அந்த குடும்பத்துல வந்த ஜான் லிஸ்டரும் அவரு நண்பரும் அந்த எழுத்த கண்டுபிடிச்சுட்டாங்க, படிச்சு அரண்டு போன நண்பர் எரிச்சுருன்னு சொன்னாரு, ஜான் எரிக்கல, சுவத்துப் பலகைக்கு பின்னாடி மறைச்சு வெச்சுட்டாரு. அந்த ஒரு ஆள் நெருப்பு பொட்டிய எடுத்துருந்தா கதை முடிஞ்சது. 2011ல யுனெஸ்கோவோட பிரிட்டன் ஆவண லிஸ்ட்ல சேத்தாங்க. வெஸ்ட் யார்க்ஷையர் ஆர்க்கைவ் பக்கத்த எல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல விட்டுருக்கு, வாலண்டியருங்க படிச்சு டைப் அடிச்சிருக்காங்க. ஃப்ரீ. மாஸ் அப்சர்வேஷன் டைரியும் இப்படி விட்டா எவ்ளோ நல்லாருக்கும்.

எல்லா எடமும் இப்படித்தான்னு நம்பிப் போயிராதீங்க. வேற ஒரு கவுண்டி ஆர்க்கைவ், பேரு வேணாம், ரெண்டு மணி நேரம் ட்ரெயின்ல போனேன், போட்டோ எடுக்க தனி காசு, நான் ஆர்டர் போட்ட பெட்டி வேற பெட்டியா வந்துச்சு, சரியான பெட்டிய கேட்டா லஞ்சுக்கு அப்புறம்தான் எடுப்போம்னாங்க, லஞ்சுக்கு அப்புறம் எடுத்து குடுத்தது மூடறதுக்கு அம்பது நிமிஷம் முன்னாடி. ஆனா கவுண்டர்ல இருந்த பையன் பாவம், ஒத்த ஆளா ஓடிட்டு இருந்தான்.

பழைய லெட்டர் படிக்கப் போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன். 1840க்கு முன்னாடி தபால் காசு பெரும்பாலும் வாங்கறவங்கதான் கட்டணும், எத்தன தாளு, எவ்ளோ தூரம்னு கணக்கு. காச மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் முழுக்க எழுதிட்டு தாள திருப்பி அது மேலயே குறுக்க எழுதிருப்பாங்க, முதல் தடவ பாத்தா தலை சுத்தும், கோலத்து மேல கோலம் போட்ட மாதிரி. தாள கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு ஒரு திசைல மட்டும் கண்ண ஓட்டினா மெதுவா பிடிபடும். பென்னி போஸ்ட் 1840ல வந்ததும் ஒரு பென்னிதான், அனுப்பறவங்களே கட்டிட்டாங்க, இந்த குறுக்கெழுத்துக்கு தேவை கொறஞ்சுது. எஸ் எழுத்து எஃப் மாதிரி நீட்டமா இருக்கும், ஏமாறாதீங்க. நேஷனல் ஆர்க்கைவ்ஸ் சைட்ல பழைய கையெழுத்து படிக்க ஃப்ரீ பாடம் இருக்கு, அவங்க டிஸ்கவரி கேட்டலாக்ல தேடினா நாடு முழுக்க இருக்கற ஆர்க்கைவ்ல எது எங்க இருக்குன்னும் தெரியும். ஒரு பேரையோ ஒரு தேதியையோ மனசுல வெச்சுட்டு ஒரே ஒரு பெட்டி கேளுங்க. நான் முதல் நாளு பேராசைல அஞ்சு கேட்டு எதையும் உருப்படியா படிக்கல.

த கீப்புக்கு அஞ்சுக்கு நாலு. சந்தா பூட்டுக்கு ஒண்ணு கட். சாப்பாடு கையோட கொண்டு போயிருங்க, சுத்துவட்டத்துல பெருசா எதுவும் கெடையாது.

கடைசியா ஒண்ணு, படிக்கறதோட இல்ல, எழுதவும் செய்யலாம். 2010லேருந்து வருஷா வருஷம் மே 12 அன்னைக்கு பிரிட்டன்ல இருக்கற யார் வேணா அன்னைய நாள எழுதி ஈமெயில்ல அனுப்பலாம், நம்மள பத்தி நாலு வரி, ஆர்க்கைவுக்கு குடுக்கறேன்னு ஒரு வரி, அவ்ளோதான், அடுத்தவங்க பேர மட்டும் போடாதீங்க. இந்த வருஷம் நானும் அனுப்பினேன். காலைல அஞ்சரைக்கு எழுந்தது, ரீசைக்ளிங் டப்பாவ வெளில வைக்க மறந்து பனியன்லயே தெருவுக்கு ஓடினது, ஷிப்டு, சாயங்காலம் முருங்கக்கா சாம்பார் (அர்த்தம் எழுதாம அப்படியே போட்டேன், தேடி தெரிஞ்சுக்கட்டும்), அம்மா கூட வீடியோ கால்ல பேசினது. பாய்லர் ரிப்பேர் பண்ண பத்துலேருந்து ரெண்டுக்குள்ள வரேன்னு சொன்ன ஆளு அன்னைக்கும் வரல, அதையும் நேரத்தோட எழுதிருக்கேன்.